காசில்லாமல் வந்த கருவிகள்

நம் ஊரில் 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டதும் கலர் டிவி, மிக்சி, கிரைண்டர் என்றுதான் ஞாபகம் ஓடும். நான் இன்று எழுதப்போவது வேறொரு இலவசத்தைப் பற்றி. ரிஃபைனரி, உரத் தொழிற்சாலை, சர்க்கரை ஆலை, காகித ஆலை, அனல் மின்நிலையம் என்று எங்கே போனாலும் கண்ட்ரோல் ரூமுக்குப் பின்னால் ஒரு கூட்டம் யார் கண்ணிலும் படாமல் வேலை பார்க்கும். இன்ஸ்ட்ருமென்ட்காரர்கள். அவர்கள் பையில் சம்பளமும் சலுகையும் தராத ஒரு சொத்து இருந்தது. சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் புரோகிராம்கள். முகம் தெரியாத யாரோ எழுதி, 'வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று வைத்துவிட்டுப் போனவை.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களில் பலர் ஏதாவது ஓர் ஆலையில் நைட் ஷிஃப்ட் பார்த்தவர்கள்தான். அவர்களுக்குப் பழைய ஞாபகங்கள் வரும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், முடிந்தவரை எளிமையாகவே சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலிருந்து ஆரம்பித்தால்தான் கதை புரியும்.

அடுப்பில் பால் வைத்திருக்கிறோம். பொங்கி வருகிறது, தீயைக் குறைக்கிறோம். அடங்கியதும் கொஞ்சம் கூட்டுகிறோம். பார்ப்பது கண், முடிவெடுப்பது மூளை, திருப்புவது கை. பாய்லரிலும் டிஸ்டிலேஷன் டவரிலும் நடப்பது இதுதான். கண்ணுக்குப் பதில் டிரான்ஸ்மிட்டர், மூளைக்குப் பதில் கண்ட்ரோலர், கைக்குப் பதில் கண்ட்ரோல் வால்வு. எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பிளாண்டின் பழைய பகுதியில் இந்த மூன்றுக்கும் நடுவே செய்தி கொண்டுபோனது காற்று. 3 பிஎஸ்ஐ என்றால் பூஜ்யம், 15 பிஎஸ்ஐ என்றால் நூறு சதவீதம். செம்புக் குழாய்கள் கட்டுக்கட்டாகக் கண்ட்ரோல் ரூமுக்குள் நுழையும். எங்கேயாவது கசிந்தால் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி வரும் இடத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்போம்.

கண்ட்ரோலரை 'டியூன்' செய்வது அப்போது பெரிய வித்தை. எவ்வளவு வேகமாகத் திருப்ப வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு மூத்த டெக்னீஷியனும் தன் கைப்பக்குவமாக வைத்திருப்பார், லேசில் சொல்லித்தர மாட்டார். ஆனால் அந்த ரகசியத்தை அமெரிக்காவில் இரண்டு பேர் 1942-லேயே உடைத்துவிட்டார்கள். டெய்லர் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனியில் இருந்த ஜான் சீக்லரும் நதானியேல் நிக்கல்ஸும். கண்ட்ரோலரின் கெயினை மெள்ள மெள்ளக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் அளவு ஒரே சீராக ஊசலாட ஆரம்பிக்கும். அந்தக் கெயினையும், ஓர் ஊசலுக்கு ஆகும் நேரத்தையும் குறித்துக்கொண்டால் போதும். கெயினில் 0.6 பங்கு, நேரத்தில் பாதி, அதே நேரத்தில் எட்டில் ஒரு பங்கு என்று மூன்று திருகுகளையும் வைத்துவிடலாம். ஓடுகிற பிளாண்டை ஊசலாட விடுவதற்கு எந்த புரொடக்‌ஷன் மேனேஜரும் லேசில் சம்மதிக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

இருவரும் கண்ட்ரோலர் விற்கிற கம்பெனியில் சம்பளம் வாங்கியவர்கள். கணக்கைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கலாம். அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். போட்டிக் கம்பெனியின் கண்ட்ரோலருக்கும் அதே சூத்திரம் வேலை செய்தது. எங்கள் துறைக்குக் கிடைத்த முதல் இலவசக் கருவி அதுதான் என்பது என் கணக்கு. எண்பது வருஷம் தாண்டியும் கல்லூரியில் பாடமாக இருக்கிறது. (நம் குரோம்பேட்டை எம்ஐடி 1949-ல் தொடங்கியபோதே இன்ஸ்ட்ருமென்ட் டெக்னாலஜி அங்கே ஒரு தனிப் பாடப்பிரிவு. 'மீட்டர் ரிப்பேர் செய்வதற்கு எதற்குத் தம்பி ஒரு பட்டம்?' என்று என்னையே கேட்ட உறவினர்கள் உண்டு.)

காற்றுக்கு அப்புறம் மின்சாரம் வந்தது. 4 மில்லி ஆம்பியர் என்றால் பூஜ்யம், 20 என்றால் நூறு சதவீதம். பூஜ்யத்துக்கு ஏன் 4 என்று புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள். கம்பி அறுந்துபோனால் 0 காட்டும். 4 காட்டினால் டிரான்ஸ்மிட்டர் உயிரோடு இருக்கிறது, அளவுதான் பூஜ்யம். எவ்வளவு எளிய ஏற்பாடு! அதில் இன்னொரு நல்ல விஷயமும் இருந்தது. கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும், எந்த நாட்டுக் கம்பெனி செய்த டிரான்ஸ்மிட்டராக இருந்தாலும் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

கம்ப்யூட்டர் உள்ளே நுழைந்ததும் அந்தச் சுதந்திரம் போனது.

1968 புத்தாண்டு தினத்தன்று டிக் மார்லி என்ற இன்ஜினியர் ஒரு குறிப்பு எழுதினார். கார் தொழிற்சாலைகளில் சுவர் சுவராக இருந்த ரிலேக்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைக்கும் யோசனை. அவர் கம்பெனியின் 84-வது புராஜெக்ட் என்பதால் அந்தப் பெட்டிக்கு மோடிகான் 084 என்று பெயர். இன்று பிஎல்சி என்று சொல்கிறோமே, அதன் மூதாதைகளில் ஒன்று. 1975-ல் ஹனிவெல் டிடிசி-2000, ஜப்பானில் யோகோகாவா சென்டம் என்று இரண்டு பெரிய சிஸ்டங்கள் வந்தன. செம்புக் குழாய்களும் வட்ட சார்ட்டுகளும் போய் டிவி போன்ற திரைகள் வந்தன. டிசிஎஸ் யுகம்.

இதெல்லாம் பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் கம்பியில் ஓடுவது இப்போது மில்லி ஆம்பியர் இல்லை, பேச்சு. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை. அந்தப் பாஷை தெரிந்த சாஃப்ட்வேர் அந்தக் கம்பெனியிடம்தான் கிடைக்கும். அதற்கு லைசென்ஸ், அதற்கு ஒரு தனி கேபிள், பிரின்டர் போர்ட்டில் செருக 'டாங்கிள்' என்று ஒரு சாவி. சாவி தொலைந்தால் சாஃப்ட்வேர் திறக்காது. கம்பெனி இன்னொரு கம்பெனியோடு இணைந்துவிட்டால் 'அந்த மாடல் நிறுத்தப்பட்டது' என்று ஒரு கடிதம் வரும். நம் ஆலையோ இன்னும் இருபது வருஷம் ஓட வேண்டும்.

ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். பழைய பிஎல்சிகள் பலவற்றில் புரோகிராம் ராம் மெமரியில் இருக்கும். கரண்ட் போனாலும் மறக்காமல் இருக்க உள்ளே ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. அது தீர்ந்த நேரம் பார்த்து கரண்ட் போனால் புரோகிராம் காலி. முன்கூட்டியே ஒரு பிரதி எடுத்து வைத்தால் பிழைத்தோம். பிரதி எடுக்க அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேர் வேண்டும். மெஷினோடு சேர்த்து அதை வாங்காமல் மிச்சம் பிடித்திருப்பார்கள் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட். கோடி ரூபாய் மெஷினின் மொத்த அறிவும் ஒரு கட்டைவிரல் அளவு பேட்டரியில் தொங்கிக்கொண்டிருக்கும். இதைச் சொன்னால் மேலதிகாரிகள் நம்பவே மாட்டார்கள்.

இந்த இறுக்கத்தில் ஒரு ஜன்னலைத் திறந்தது அதே மோடிகான் கம்பெனிதான். 1979-ல் தன் பிஎல்சிகள் பேசிக்கொள்ள மோட்பஸ் என்று ஒரு பேச்சு முறையை உண்டாக்கி, அதன் இலக்கணத்தை அப்படியே வெளியிட்டுவிட்டது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், ராயல்டி கிடையாது. மீட்டர் செய்பவர், மோட்டார் டிரைவ் செய்பவர், எடைப்பாலம் செய்பவர் என்று எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் அந்தக் கம்பெனி ஷ்னைடரிடம் போய், 2004-ல் மோட்பஸ் ஒரு தனி அமைப்பின் கைக்கு மாறியது. இலக்கணம் இன்றும் திறந்தே இருக்கிறது.

அது எவ்வளவு சின்னப் பேச்சு என்று காட்ட ஆசை. கம்பியில் எட்டு எண்கள் போகின்றன: 1, 3, 0, 0, 0, 1, 132, 10. முதல் 1 என்றால் 'ஒன்றாம் நம்பர் கருவியே'. 3 என்றால் 'உன் ரெஜிஸ்டரைப் படித்துச் சொல்'. அடுத்த 0, 0 என்றால் 'முதல் ரெஜிஸ்டரிலிருந்து'. 0, 1 என்றால் 'ஒன்றே ஒன்று'. கடைசி இரண்டும் முன்னால் போன ஆறையும் வைத்துக் கணக்குப் போட்டு வந்த சரிபார்ப்பு எண்கள். வழியில் ஓர் எண் கெட்டாலும் கருவி பதில் பேசாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூன்றரை எழுத்து நேரம் மௌனம் இருக்க வேண்டும். அந்த மௌனம்தான் முற்றுப்புள்ளி. தந்தி அடித்த காலத்து ஆட்களுக்கு இது பிடிக்கும்.

இலக்கணம் தெரிந்துவிட்டால் புரோகிராம் எழுதுவது கஷ்டமில்லை. ஏதாவது ஓர் ஆலையில் ஓர் இன்ஜினியர் தன் தேவைக்கு ஒன்றை எழுதுவார், நண்பருக்கு ஃபிளாப்பியில் கொடுப்பார், அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். வளைகுடாவில் வேலை பார்த்து லீவில் வருபவர்கள் சூட்கேஸில் சென்ட் பாட்டில்களோடு இரண்டு ஃபிளாப்பியும் கொண்டுவருவார்கள்.

ஆனால் மோட்பஸ் இலக்கணத்தில் இரண்டு ஓட்டைகள் உண்டு. பாதிப் பேரின் தூக்கத்தைக் கெடுத்தவை இவைதான். ஒன்று, மேனுவலில் 40001 என்று எழுதியிருக்கும் ரெஜிஸ்டர் கம்பியில் 0 என்று போகும். 40002 என்றால் 1. சில கம்பெனிகள் இதைக் கழித்து எழுதும், சில கழிக்காமல் எழுதும். ஒன்று தள்ளிப் படித்தால் பிரஷர் இருக்க வேண்டிய இடத்தில் டெம்பரேச்சர் வரும். இரண்டாவது இன்னும் மோசம். ஒரு ரெஜிஸ்டரில் 0 முதல் 65535 வரைதான் அடங்கும். தசமப் புள்ளியோடு ஓர் எண் வேண்டுமென்றால் இரண்டு ரெஜிஸ்டர்களைச் சேர்க்க வேண்டும். எதை முன்னால் வைப்பது என்று இலக்கணம் சொல்லவில்லை. ஆளுக்கொரு பக்கமாக வைத்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் இருந்த ஒரு பிளாண்டில் இது நடந்தது. புதிதாக ஒரு கம்ப்ரசர் வந்து இறங்கியது. அதன் சொந்தப் பேனலில் எல்லா அளவும் சரியாகத் தெரிகிறது. மோட்பஸ் வழியாக எங்கள் டிசிஎஸ்ஸுக்கு வரும்போது பேரிங் டெம்பரேச்சர் சில நேரம் பூஜ்யம், சில நேரம் கோடி கோடியாக ஏதோ ஓர் எண். சப்ளை செய்தவர்கள் 'எங்கள் பக்கம் சரி' என்றார்கள். டிசிஎஸ்காரர்கள் 'எங்கள் பக்கம் சரி' என்றார்கள். இரண்டு பேரும் வந்து பார்க்க நாள் ஒன்றுக்கு இவ்வளவு, விமான டிக்கெட் தனி என்று ஃபேக்ஸ் வந்தது. அதுவரை ஓர் ஆபரேட்டர் கம்ப்ரசர் ஹவுஸில், அந்தச் சத்தத்தில், பேனல் பக்கத்திலேயே நின்று கால் மணிக்கு ஒருமுறை அளவை எழுதி வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மூன்று ஷிஃப்ட்டும் நின்றார்கள். பேரிங் சூடேறுவது கண்ட்ரோல் ரூமுக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன் என் மேஜைக்கு வந்தான்.

"சார், எங்கிட்ட ஒரு புரோகிராம் இருக்கு. டாஸ்ல ஓடும். லைன்ல போறதை அப்படியே எண்ணா காட்டும். நாம பேச வேண்டாம், ஒட்டுக் கேட்டா போதும்."

"எங்கே வாங்கினே?"

"வாங்கலை சார். என் சீனியர் ஒருத்தர் கொடுத்தார். அவருக்கு யாரோ கொடுத்தது."

கம்ப்ரசரை நிறுத்தியிருந்த ஒரு நாள் காலையில் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டெகேட் பாக்ஸை மாட்டி 138.5 ஓம் வைத்தோம். பிடி-100 சென்சார் 100 டிகிரியில் காட்டும் ஓம் அது. பழைய 386 ஒன்றைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் கம்பியில் இணைத்தோம். 100 என்ற எண்ணை இரண்டு ரெஜிஸ்டராகப் பிரித்தால் பெரிய பாதி 17096, சின்னப் பாதி 0. டெகேட் பாக்ஸ் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் சின்னப் பாதி மட்டும் கன்னாபின்னாவென்று மாறும், பெரிய பாதி அநேகமாக அசையாது. திரையில் பார்த்தால் 17096 இரண்டாவதாக வந்துகொண்டிருந்தது. முதலாவதாக வந்த எண் நிமிஷத்துக்கு ஒன்றாக ஆடியது. டிசிஎஸ் அந்த ஆடுகிற எண்ணைப் பெரிய பாதி என்று எடுத்துக்கொண்டிருந்தது. கோடி கோடியாக வந்ததன் ரகசியம் அவ்வளவுதான்.

டிசிஎஸ் கான்ஃபிகரேஷனில் இரண்டு ரெஜிஸ்டரையும் இடம் மாற்றிப் படிக்க ஒரு வசதி ஏற்கெனவே இருந்தது. மாற்றினோம், 100.0 என்று வந்தது. அன்று மதியம் கம்ப்ரசர் ஹவுஸில் நின்ற ஆபரேட்டர் கண்ட்ரோல் ரூமுக்குத் திரும்பினார். அந்தப் புரோகிராமை எழுதியவர் யார், எந்த நாடு என்று அந்தப் பையனுக்கும் தெரியவில்லை.

அந்தக் காலத்து டாஸ் கம்ப்யூட்டர்களில் நான் அதிகம் பார்த்த இன்னொரு இலவசம் கெர்மிட். பொம்மலாட்ட டிவி நிகழ்ச்சியில் வரும் தவளையின் பெயர். 1981-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ட குரூஸும் பில் காட்சிங்ஸும் ஆரம்பித்தது. மாணவர்களின் ஃபைல்களை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்காகச் செய்தது, உலகம் முழுக்கப் பரவியது. இரைச்சல் மிகுந்த மோசமான லைனிலும் ஃபைல் சேதமில்லாமல் போய்ச் சேரும். ஆலைகளில் லைன் மோசமாகத்தானே இருக்கும், பக்கத்திலேயே 500 குதிரைசக்தி மோட்டார் ஓடும்போது! கொலம்பியா 2011-ல் அந்தத் திட்டத்தை மூடிவிட்டது. மூடும்போது புரோகிராமின் மூலத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டதால் அது இன்னும் இருக்கிறது.

விண்டோஸ் 95-ல் ஹைப்பர்டெர்மினல் என்று ஒன்று கூடவே வந்தது. சீரியல் போர்ட்டில் செருகி எந்தக் கருவியோடும் பேசலாம். பத்து வருஷம் அதையே நம்பியிருந்தோம். விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது. புது லேப்டாப் வாங்கிய டெக்னீஷியன்கள் எல்லாம் கையைப் பிசைந்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது புட்டி என்ற சின்னப் புரோகிராம். இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் டாத்தம் எழுதியது. சீரியல் போர்ட் வசதியும் அதே சமயத்தில்தான் அதில் சேர்ந்தது. நிறுவக்கூட வேண்டாம், பென் டிரைவிலிருந்தே ஓடும். நிறுவக்கூடாத ஆலைக் கம்ப்யூட்டர்களில் அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். ஹைப்பர்டெர்மினல் சும்மா வந்தது, ஆனால் கொடுத்தவர் நினைத்தபோது எடுத்துக்கொண்டார். புட்டியை அப்படி எடுக்க முடியாது, அதன் மூலம் வெளியில் இருக்கிறது. தமிழில் கணினி ஆர்வலர்கள் இதற்கு 'கட்டற்ற மென்பொருள்' என்று ஓர் அருமையான பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல்லாக இருப்பதால் காலமெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் அந்தத் தொல்லை இல்லை.

அந்தக் கருத்தை 1983-ல் ஓர் இயக்கமாக அறிவித்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அவர் கோபத்துக்குக் காரணமாகச் சொல்வது ஒரு பிரின்டர். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரின்டரைப் பரிசாகத் தந்தது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கும். பழைய பிரின்டரில் சிக்கினால் எல்லாருடைய திரையிலும் செய்தி வருமாறு அவர் புரோகிராமை மாற்றி வைத்திருந்தார். புதியதற்கும் அப்படிச் செய்ய நினைத்தால் மூலம் கிடைக்கவில்லை. அது வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழகத்து ஆளிடம் கேட்டார். யாருக்கும் தர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்கு எங்கள் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்தான் ஞாபகம் வந்தது. நம் அறையில் இருக்கும் மெஷின், நாம் சரிசெய்யக் கூடாது! மெயின்டெனன்ஸ்காரனுக்கு இதைவிட எரிச்சல் வேறென்ன இருக்கிறது?

2000-க்குப் பிறகு கருவிகள் எல்லாம் ஈதர்நெட் கேபிளுக்கு மாறின. அங்கே ஒட்டுக் கேட்க உதவியது வயர்ஷார்க். ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998-ல் ஈதீரியல் என்ற பெயரில் வெளியிட்டார். 2006-ல் வேலை மாறியபோது அந்தப் பெயரின் உரிமை பழைய கம்பெனியிடம் நின்றுவிட்டது. புரோகிராம் திறந்த மூலம் என்பதால் பெயரை மட்டும் விட்டுவிட்டு வயர்ஷார்க் என்று புதுப் பெயரில் தொடர்ந்தார். முதலில் ஆபீஸ் நெட்வொர்க்குக்காக எழுதியதுதான். பிறகு ஆலைகளின் பாஷைகளையும் பலர் அதில் சேர்த்தார்கள். மோட்பஸ் சேர்ந்தது. இலக்கணமே வெளியிடாத கம்பெனிகளின் பேச்சையும் பொறுமையாகக் கவனித்துக் கவனித்துப் புரிந்துகொண்டு எழுதிச் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் ஸ்டெஃபான் ரேம்போவின் லிப்மோட்பஸ் போன்றவற்றை வைத்து நம் பாலிடெக்னிக் மாணவர்களே சொந்தமாகப் புரோகிராம் எழுதுகிறார்கள்.

கணக்குப் போடும் சின்னப் புரோகிராம்களையும் விட்டுவிடக் கூடாது. தெர்மோகப்பிள் அட்டவணை என்று தடித் தடிப் புத்தகம் வைத்திருப்போம், கே வகைக்கு 100 டிகிரியில் 4.096 மில்லிவோல்ட் என்று வரிசையாக இருக்கும். அமெரிக்க அரசின் அளவியல் நிறுவனம் அந்தச் சூத்திரங்களை 1993-ல் பொதுவில் வெளியிட்டதும் அவற்றை வைத்துப் பலர் கால்குலேட்டர் எழுதிவிட்டார்கள். நீராவிக்கு 1997-ல் ஒரு சர்வதேச சூத்திரத் தொகுப்பு வந்தது. ஸ்டீம் டேபிள் புத்தகத்தில் விரலை வைத்து இரண்டு வரிக்கு நடுவே கணக்குப் போட்ட எங்கள் தலைமுறையின் கஷ்டம் அத்தோடு முடிந்தது.

இந்தக் கருவிகளை வேண்டாம் என்று தடுத்தவர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. மோட்பஸ் பேச்சில் 'நீ யார்' என்ற கேள்வியே கிடையாது. பாஸ்வேர்ட் கிடையாது. படிப்பதற்கு 3 என்றால் எழுதுவதற்கு 6. கேட்கும் புரோகிராமிலேயே எழுதவும் முடியும். விரல் தவறி 3-க்குப் பதில் 6 போனால் ஓடுகிற வால்வின் செட் பாயின்ட் மாறிவிடும். அதனால் எங்கள் செக்‌ஷனில் ஒரு சட்டம் வைத்திருந்தோம்: பிளாண்ட் ஓடும்போது ஒட்டுக் கேட்கலாம், வாய் திறக்கக் கூடாது. எங்கிருந்தோ வந்த ஃபிளாப்பியில் வைரஸ் வரும் என்ற பயமும் இருந்தது. அதற்கென்றே நெட்வொர்க்கில் சேராத ஒரு தனிக் கம்ப்யூட்டர் வைத்திருந்தோம்.

ஆனால் 2010-ல் வெளிவந்த ஸ்டக்ஸ்நெட் விவகாரம் இந்த வாதத்தையே புரட்டிப் போட்டது. ஈரானில் நடான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் ஆலையைக் குறிவைத்து எழுதப்பட்ட வைரஸ் அது. சீமென்ஸ் பிஎல்சியோடு பேசும் அதிகாரபூர்வ இன்ஜினியரிங் சாஃப்ட்வேரில், பேச்சு வார்த்தையைக் கவனிக்கும் ஒரு ஃபைலையே அது எடுத்துவிட்டுத் தன் போலியை வைத்தது. இன்ஜினியர் பிஎல்சிக்குள் என்ன புரோகிராம் இருக்கிறது என்று கேட்டால், வைரஸ் நுழைத்த பகுதியை மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும். காசு கொடுத்து, லைசென்ஸோடு வாங்கிய சாஃப்ட்வேர்தான். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும்போதே சென்ட்ரிஃபியூஜ்களின் வேகம் மாற்றப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த வைரஸின் உள்வேலையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டியவர்களில் ரால்ஃப் லாங்னர் என்ற ஜெர்மானியர் முக்கியமானவர். அவர் எழுதியதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிகாரபூர்வமான கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறது, அதுவே பொய் காட்டுகிறது என்றால் வேறு எதில் பார்ப்பது? சம்பந்தமில்லாத வேறொருவர் எழுதிய, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கக்கூடிய இன்னொரு கண்ணாடி அருகில் இருப்பது நல்லது என்று நான் எப்போதும் சொல்லிவந்தேன். அதற்குப் பிறகு இளையவர்கள் அதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டார்கள்.

சின்னப் புரோகிராம்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். எபிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ், ஆர்கான் என்ற இரண்டு ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து துகள் முடுக்கிகளை ஓட்டுவதற்காக உருவாக்கியது. 2004-லிருந்து முழுக்கத் திறந்த உரிமத்தில் இருக்கிறது. பிரான்ஸில் கட்டிக்கொண்டிருக்கும் ஐடெர் அணு இணைவு உலையின் கண்ட்ரோல் சிஸ்டத்துக்கும் இதுதான் அடிப்படை. அந்தத் திட்டத்தில் இந்தியாவும் பங்காளி. இவ்வளவு பெரிய உலையை ஓட்டுவதற்கு உதவும் சாஃப்ட்வேரை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே இறக்கிப் பார்க்கலாம் என்றால் என் தலைமுறைக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பேரன் பேத்திகள் யாராவது இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு ஒரு சின்னப் பரிசு வாங்கிக் கொடுங்கள். யுஎஸ்பியிலிருந்து ஆர்எஸ்-485-க்கு மாற்றும் ஒரு சின்ன கன்வர்ட்டர். சில நூறு ரூபாய்தான் ஆகும். அதோடு மோட்பஸ் பேசும் பழைய எனர்ஜி மீட்டர் ஏதாவது ஸ்கிராப்பில் கிடைத்தால் இன்னும் நல்லது. பெட்டி பெட்டியாகக் காசு கொடுத்து நாங்கள் பார்க்கத் தவித்ததை அவர்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்தே பார்த்துவிடலாம். மீட்டர் பதில் சொல்லவில்லை என்றால் பையன் மனம் தளர வேண்டாம், ஏ, பி என்று எழுதியிருக்கும் இரண்டு கம்பிகளையும் முதலில் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எது ஏ, எது பி என்பதில் கம்பெனிகளுக்குள் இன்றுவரை ஒற்றுமை இல்லை.